தபுதார நிலை: துணையிழந்த முதியோரும் நம் இரங்கற்பாக்களும்

அண்மையில் நினைவு மலர் ஒன்று என் கைக்கு வந்தது. எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர், மௌத்தாகிவிட்ட தம் மனைவியின் நினைவாகப் பிள்ளைகள் அச்சிட்டது என்று சொல்லித் தம் கையாலேயே தந்தார். நல்ல தாள், நல்ல அச்சு. உள்ளே பதினான்கு இரங்கற்பாக்கள். வெண்பாவும் உண்டு, விருத்தமும் உண்டு. யாப்பில் பெரும்பிழை எதுவும் என் கண்ணில் படவில்லை. படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றேன்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எல்லாரும் நல்லாத்தான் எழுதியிருக்காங்க தம்பி. ஆனா, அவ சுபுஹு தொழுதுட்டு முதல் வேலையாக் கொல்லைக் கதவைத் திறந்து கோழிக்குத் தவிடு வைப்பா. அந்தச் சத்தத்துலதான் நான் நாப்பது வருஷமாப் பொழுது விடிஞ்சதுன்னு அறிவேன். இந்தப் புத்தகத்துல அது இல்லையே."

வீடு திரும்பி அம்மலரை மீண்டும் படித்தேன். பெரியவரின் சொல் முற்றிலும் மெய். குலவிளக்கு, கற்பின் அணி, பொறுமையின் பெட்டகம், சுவனம் சென்ற மலர் என்பனவே பதினான்கு பாக்களிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. பெயரை எடுத்துவிட்டு வேறொரு பெயரை, எதுகை கெடாமல், வைத்துவிட்டால் அதே பா வேறொரு வீட்டுக்கும் பொருந்திவிடும். எல்லார்க்கும் பொருந்தும் பா எவருக்கும் உரியதன்று. நம்முடைய இரங்கற்பாக்களின் பெருங்குறை இதுவே என்பது என் கருத்து. இஃது அழகியல் பற்றிய குறை மட்டுமன்று; துணையிழந்து வீட்டு மூலையில் அமர்ந்திருக்கும் முதியவர்க்கு நாம் இழைக்கும் குறையும் ஆகும். இதனைச் சில பாடல்களைக் கொண்டு நிறுவ முயல்வேன்.

இரு பெயர்கள், இரு பாடல்கள்

தமிழிலக்கணம் இந்நிலைக்குப் பெயரில்லாமல் விட்டதில்லை. தொல்காப்பியப் புறத்திணையியல், காஞ்சித் திணையின் துறைகளுள் தாபத நிலையையும் தபுதார நிலையையும் அருகருகே வைக்கிறது. முன்னது கணவனை இழந்தாள் நிலை. பின்னது மனைவியை இழந்தான் நிலை. தாரம் இழந்தவனுக்கும் ஒரு துறை வேண்டும் என்று கருதிய இலக்கண மரபு நம்முடையது.

இவ்விரு நிலைகளுக்கும் புறநானூற்றில் சான்றுகள் உண்டு. 248ஆம் பாட்டு ஒக்கூர் மாசாத்தனார் பாடியது. தாபத நிலைத் துறையில் வைக்கப்பட்டது. கணவனை இழந்த பெண்ணின் நெஞ்சம் எவ்வாறு துடித்தது என்று புலவர் விவரிக்கவே இல்லை. அவர் பேசுவது ஆம்பலைப் பற்றி. இளமையில் அவ்வாம்பலின் தழை அவளுக்கு உடையாயிற்று. இன்று, உண்ணும் பொழுதும் மாறிப்போன கைம்மை நாளில், அதன் புல்லரிசி அவளுக்கு உணவாயிற்று. ஒரே கொடி, இரண்டு காலம். ஒரு வாழ்க்கை முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையில் அடங்கிவிடுகிறது. துயரம் என்ற சொல்லைக் காட்டிலும், உணவுப் பொழுது மாறியது என்ற செய்தி நம்மை ஆழமாகத் தைக்கிறது. துணையை இழந்த வீட்டில் முதலில் குலைவது உணவு நேரந்தான் என்பதை அறிந்தவர் அறிவர்.

245ஆம் பாட்டு சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை, தன் பெருந்தேவி இறந்தபோது சொல்லியது. மன்னன் அவளுடைய அழகையோ குலத்தையோ பாடவில்லை. கள்ளி வளர்ந்த களர் நிலத்தில், வெட்டவெளியில், விறகடுக்கில் அவள் கிடந்ததைச் சொல்கிறான். தன் நோய் எவ்வளவு பெரிதாயினும் தன் உயிரைப் போக்கும் வலிமை அதற்கு இல்லையே என்று தன்மேலேயே வியப்படைகிறான். நான் இன்னும் இருக்கிறேனே, இஃது என்ன இயல்பு என்பதே அவன் கேள்வி. துணையிழந்த எல்லார்க்கும், சிறப்பாக ஆண்டு முதிர்ந்தவர்க்கு, நள்ளிரவில் எழும் கேள்வி அஃதன்றோ?

இங்கு ஒன்று கருதத்தக்கது. தபுதார நிலை என்ற துறைப்பெயர் இருக்கவும், இப்பாட்டுக்குத் தொகுத்தோர் இட்ட துறை கையறுநிலை என்பதே. மனைவியை இழந்தவனின் துயரத்துக்கென வகுத்த பெயர் இலக்கணத்தோடு நின்றுவிட்டது. தாபத நிலை மட்டும் நூல்களிலும் வழக்கத்திலும் வளர்ந்தது. பெண்ணின் உடையிலும் உணவிலும் இறங்கி அவளைக் கட்டியும் வைத்தது. பெண்ணுக்குத் துயரம் கடமையாக்கப்பட்டது. ஆணுக்கு அது நாணத்தக்கதாக ஆக்கப்பட்டது. இரு பக்கமும் அநீதியே.

நாணம் என்னும் தடை

இந்த நாணத்தை வெளிப்படையாகப் பேசியவர் உமையாக்கள் காலத்து அரபுப் பெருங்கவிஞர் ஜரீர். வசைப்பாட்டில் அவரை வென்றவர் அரிது. ஃபரஸ்தக்கோடு அவர் பல்லாண்டு நடத்திய பாட்டுப்போர் அரபு இலக்கியத்தில் பெயர்பெற்றது. அத்தகைய ஜரீர், தம் மனைவி இறந்தபோது ஓர் இரங்கற்பா பாடினார். அதன் தொடக்கமே நாணம். நாணம் தடுக்கவில்லையாயின் கண்ணீர் மீண்டும் பெருகும், உன் கபரைக் காண வருவேன் என்ற கருத்தில் பாட்டு எழுகிறது. மேலும் செல்லும்போது, தமக்கு முதுமை வந்துற்ற காலத்தில், தாயத்துக் கட்டிய பருவத்துப் பிள்ளைகளை விட்டுச் சென்றாயே என்று வருந்துகிறார். இரவும் பகலும் மாறி மாறி வந்து எந்த இணையையும் சேர்ந்திருக்க விடுவதில்லை என்று உலகியல்பை உணர்ந்து அமைகிறார்.

இப்பாட்டின் சிறப்பு எது? அரபு மரபில் வீழ்ந்துபட்ட வீரனுக்கும் தலைவனுக்கும் இரங்கற்பா பாடுவது பெருமை. கன்ஸா அம்மையார் தம் உடன்பிறந்தார்க்குப் பாடியவை இன்றும் போற்றப்படுகின்றன. மனைவிக்காக ஓர் ஆண் பொதுவில் அழுவதோ வேறு செய்தி. ஜரீர் அந்தத் தடையை மறைத்துவிட்டுப் பாடவில்லை. தடையையே முதலில் வைத்துப் பாடினார். முதுமையையும் மறைக்கவில்லை. இதற்காக ஃபரஸ்தக் அவரை எள்ளி நகையாடினார். பின்னர் ஃபரஸ்தக்கின் மனைவி நவார் இறந்தபோது, துக்க வீட்டில் பாடப்பட்டது ஜரீருடைய அந்தப் பாட்டே என்று பழைய நூல்கள் கூறுகின்றன. எள்ளியவர் வீட்டுக்கும் அப்பாட்டுத் தேவைப்பட்டது.

இங்கு ஒரு தடை எழக்கூடும். எல்லார்க்கும் பொருந்தும் பா எவருக்கும் உரியதன்று என்று முன்னர்ச் சொன்னேன். ஜரீரின் பா இன்னொரு வீட்டுக்கும் பொருந்தியதே எனலாம். வேறுபாடு உண்டு. நினைவு மலரின் பாக்கள் யாரையும் காணாமல் பொதுவாகப் பேசியதால் எங்கும் பொருந்துகின்றன. ஜரீரின் பா ஒருவருடைய நாணத்தையும் ஒருவருடைய முதுமையையும் உள்ளபடி சொன்னதால் பிறர் உள்ளத்திலும் போய்த் தைத்தது. முதலது வாய்பாடு, இரண்டாவது கவிதை.

சரந்தீபுக்கு வந்த அஞ்சல்

நமக்கு அண்மையான ஒரு சான்றும் உண்டு. எகிப்தின் தலைமை அமைச்சராக 1882இல் இருந்த மஹ்மூத் சாமி அல்பாரூதி, ஒராபி பாஷாவின் எழுச்சி தோற்றபின் அவரோடு இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். 1883 தொடக்கத்தில் அவர்கள் கொழும்பில் வந்திறங்கினர். ஒராபி பாஷாவுக்கும் சித்திலெப்பை அவர்களுக்கும் ஏற்பட்ட தொடர்பும், 1892இல் கொழும்பில் ஸாஹிரா தோன்றியதும் நம் வாசகர் பலர் அறிந்த வரலாறு. அவர்களோடு வந்த பாரூதி, நவீன அரபுக் கவிதைக்குப் புத்துயிர் தந்த பெருங்கவிஞர் என்பதை அறிந்தவர் சிலரே.

அவர் சரந்தீபில் இருக்கையில் மனைவி எகிப்தில் இறந்தார். பாரூதிக்கு அப்போது முதுமை வந்திருக்கவில்லை. ஆனால் நாடும் பதவியும் இழந்தவருக்கு எஞ்சியிருந்த உறவும் அறுந்தது. அவர் பாடிய நீண்ட இரங்கற்பாவில் உருவகங்கள் நிறைய உண்டு. பெண்மக்கள் முத்துமாலைகளைக் கழற்றி எறிந்துவிட்டுக் கண்ணீர் முத்துக்களைக் கழுத்தில் அணிந்தனர் என்பது போன்ற அலங்காரம் பழைய மரபைச் சேர்ந்தது. அதனைக் கற்றோர் பாராட்டலாம். என்னைத் தொட்டது அதுவன்று. தாம் எதிர்பார்த்திருந்ததற்கு மாறான செய்தியோடு அஞ்சல் வந்ததைச் சொல்லி, அந்த அஞ்சலையே அவர் சபிக்கும் இடம் ஒன்று உண்டு. கப்பல் வழி நோக்கிக் காத்திருந்தவர் கையில் விழுந்த கடிதம் அது. அலங்காரம் அங்கே நின்றுவிடுகிறது, மனிதர் பேசுகிறார்.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் அதிராம்பட்டினத்திலும் இப்பகுதியை விளக்கவே வேண்டியதில்லை. கொழும்புக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரங்கூனுக்கும் சபுராளியாய்ச் சென்ற கணவரைப் பற்றித் தந்தி கொண்டுவந்த செய்தியும், இங்கே மனைவி இறந்தது பல நாள் கழித்து அங்கே கடையில் இருந்தவருக்குக் கடிதமாய்ப் போனதும் நம் குடும்பங்களின் வரலாறு. ஜனாஸாவைப் பாராதவருக்குத் துயரம் முடிவதில்லை. பிரிந்திருந்த ஆண்டுகளையும் சேர்த்தே அவர்கள் இழக்கிறார்கள். இத்தகைய துயரம் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்திருக்க, நம் இரங்கற்பாக்கள் அந்தத் தந்தியையும் கடிதத்தையும் விட்டுவிட்டுக் குலவிளக்கையே பாடிக்கொண்டிருப்பது வருந்தத்தக்கது.

காலங்கடந்த கழிவிரக்கம்

இரங்கற்பா புகழ்ச்சியாக இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஆங்கிலக் கவிஞர் தாமஸ் ஹார்டி 72 வயதில், 1912 நவம்பரில், மனைவி எம்மாவை இழந்தார். அவர்கள் ஒரே வீட்டில் இருந்தும் பல ஆண்டுகள் மனம் விலகி வாழ்ந்தவர்கள். அவர் இறந்தபின், 1913 மார்ச்சில், இருவரும் இளமையில் முதன்முதல் சந்தித்த கார்ன்வால் கடற்கரைக்கு ஹார்டி சென்றார். அக்காலத்தில் எழுந்த கவிதைகள் 1914இல் நூலில் வெளிவந்தன. ஆங்கில இரங்கற்பாக்களில் அவற்றுக்குத் தனியிடம் உண்டு.

அவற்றுள் 'நடை' என்ற சிறு கவிதை ஒன்று. குன்றின் உச்சியிலுள்ள மரம்வரை தாம் நடந்து செல்வது வழக்கம். மனைவி உடல் நலிவால் அண்மைக் காலமாக உடன் வருவதில்லை. முன்பும் தனியே நடந்தார். இன்றும் தனியே நடந்தார். அப்படியாயின் வேறுபாடு என்ன? திரும்பி வரும்போது அறை காட்சி தரும் விதம் மட்டுமே என்கிறார். வேறு ஏதும் சொல்லவில்லை. உடன் இருந்தபோது மதியாத ஒருவரின் இருப்பு, இல்லாதபோது அறை முழுவதும் நிறைந்துவிடுகிறது.

நெடுநாள் வாழ்ந்த இணைகளில் பலர் ஒருவரோடொருவர் அதிகம் பேசாதவர்களே. அவர்களுள் ஒருவர் போனபின், "நீங்கள்தான் பேசிக்கொள்வதே இல்லையே, ஏன் இவ்வளவு வருத்தம்?" என்று மக்கள் எண்ணுவதுண்டு. அந்த எண்ணத்துக்கு இக்கவிதை விடை. சொல்லாமல் விட்டவையும் கேட்காமல் விட்ட மன்னிப்பும் அத்துயரில் கலந்திருக்கின்றன. புகழுரையால் அதனை ஆற்ற முடியாது. பழியை ஏற்றுச் சொல்ல ஒரு வாய் கிடைத்தால்தான் அது ஆறும்.

செயலாக நின்ற நினைவு

இனி, நம் எல்லார்க்கும் முன்மாதிரியான இல்லத்தை நோக்குவோம். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மறைந்தது ஹிஜ்ரத்துக்கு ஏறத்தாழ மூன்றாண்டு முன்னர். சுமார் 25 ஆண்டு இல்லறம். அருமைப் பெரிய தந்தை அபூதாலிபும் அவ்வாண்டிலேயே இறந்தார். அந்த ஆண்டுக்கே துயர ஆண்டு, ஆமுல் ஹுஸ்ன், என்று வரலாறு பெயரிட்டது. துயரத்தைச் சொல்லாமல் மறைப்பதே ஈமான் என்று எண்ணுவோர், ஓர் ஆண்டே அத்துயரால் பெயர்பெற்றதை நினைவு கூர்வார்களாக. ஒப்பாரியையும் மார்பில் அறைதலையும் நம் மார்க்கம் விலக்கியது, கண்ணீரை விலக்கவில்லை. மைந்தர் இப்ராஹீம் இறந்தபோது பெருமானார் (ஸல்) அவர்களின் கண்கள் நீர் சொரிந்தன.

கதீஜா (ரலி) அவர்களைப் பெருமானார் நினைவு கூர்ந்த விதத்தை நபிமொழித் தொகுப்புகளில் காணும்போது ஒரு திறனாய்வாளன் கற்க வேண்டியது நிறைய உண்டு. புகழ்மொழியும் அங்கே உண்டு. ஆனால் நினைவு பெரும்பாலும் பொருளாகவும் செயலாகவும் வருகிறது. ஆடு அறுத்தால் கதீஜாவின் தோழியருக்கு இறைச்சி அனுப்பப்படும். கதீஜாவின் சகோதரி ஹாலா வாயிலில் நின்று அனுமதி கேட்டபோது, அந்தக் குரலில் பழைய குரலைக் கேட்டுப் பெருமானார் நெகிழ்ந்தார்கள். பத்ருக்குப்பின் மகள் ஸைனப் (ரலி) தம் கணவரை மீட்க அனுப்பிய பொருளில் ஒரு கழுத்தணி இருந்தது. அது கதீஜா தம் மகளுக்கு மணநாளில் அளித்தது. அதனைக் கண்டதும் பெருமானாரின் உள்ளம் உருகிற்று. தோழர்கள் இசைவோடு அவ்வணி மகளுக்கே திருப்பி அனுப்பப்பட்டது.

இறைச்சி, குரல், கழுத்தணி: இவை மூன்றும் சிறியவை. ஆனால் இவற்றில் கதீஜா இருக்கிறார். வேறு எவரும் இல்லை. இதற்கிடையில் மறுமணங்களும் நடந்தன. நினைவு மறுமணத்தைத் தடுக்கவில்லை. மறுமணம் நினைவை அழிக்கவில்லை. ஆயிஷா (ரலி) அவர்களே, தாம் கண்டிராத கதீஜாவின்மீது கொண்ட பொறாமையை ஒளிக்காமல் அறிவித்தார்கள் என்பது அந்த நினைவின் உறுதிக்குச் சான்று.

நம் வீடுகளை நோக்கி

இவற்றை நம் நடைமுறையோடு வைத்துப் பார்ப்போம். கணவனை இழந்தவளுக்கு மார்க்கம் விதித்த இத்தா நான்கு மாதம் பத்து நாள். அது எல்லையுடையது. அந்த எல்லைக்குப் பின்னும் ஆயுள் முழுவதும் வெள்ளையைச் சுற்றி, மங்கலக் காரியங்களில் பின்னே நிறுத்துவது ஊர் வழக்கமேயன்றி மார்க்கமன்று. மறுபுறம், இத்தா முடிந்ததும் துயரமும் முடிந்துவிட்டதாகக் கொண்டு, அவள் கணவனைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சை மாற்றிவிடுகிறோம். இத்தா சட்டத்தின் கணக்கு. நெஞ்சத்தின் கணக்கு வேறு.

மனைவியை இழந்த முதியவருக்கோ அந்த நான்கு மாதக் கணக்கும் இல்லை. மூன்றாம் நாள் பள்ளிவாசலுக்கு வந்துவிட்டால் ஆறிவிட்டார் என்கிறோம். உப்பு எந்தச் சாடியில் இருக்கிறது என்று அறியாதவராக, தம் மாத்திரைகளைத் தாமே எண்ணி எடுக்கத் தெரியாதவராக, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு மகன் வீட்டுக்கு மாதமுறையில் அவர் மாற்றப்படுகிறார். மறுமணம் பற்றிய பேச்சு வந்தால், சில வீடுகளில் அவரைக் கேளாமலே பெண் பார்க்கிறார்கள். சில வீடுகளில் சொத்துப் பங்கை நினைந்து அப்பேச்சையே அடக்குகிறார்கள். கைம்பெண்ணாகிய மூதாட்டியிடம், அனுமதிக்கப்பட்டிருந்தும், அந்தக் கேள்வியே எழுவதில்லை. இவை எல்லாவற்றிலும் பொதுவானது ஒன்று: அவரை எவரும் கேட்கவில்லை.

நம் இரங்கற்பாவும் இந்தக் கேளாமையிலிருந்தே பிறக்கிறது. பாடுவோர் துக்க வீட்டுக்குச் சென்று எஞ்சியிருப்பவரிடம் அமர்ந்து கேட்பதில்லை. கேட்டிருந்தால் கோழித் தவிடு பாட்டில் வந்திருக்கும். ஆம்பலின் அரிசியை மாசாத்தனார் பாடலாம் என்றால், கொல்லைக் கதவைப் பாட நமக்கு என்ன கூச்சம்? மரபு தடுக்கிறது என்று சொல்ல வழியில்லை. மேலே கண்டபடி, தமிழ் மரபும் அரபு மரபும் தம் சிறந்த பாடல்களில் சிறு பொருள்களையே பற்றி நின்றன.

புகழவே கூடாது என்று நான் கூறவில்லை. இறந்தோரின் நல்லவற்றைச் சொல்வது நமக்குக் கற்பிக்கப்பட்ட பண்பு. ஆயின் நல்லவள் என்பதைவிட, அண்டை வீட்டுப் பிள்ளைக்கு அம்மை வார்த்தபோது மூன்று இரவு கண்விழித்தாள் என்பது பெரிய புகழ். பொறுமைசாலி என்பதைவிட, பன்னிரண்டு ஆண்டு சபுர்க் கடிதங்களைத் தகரப் பெட்டியில் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தாள் என்பது பெரிய புகழ். முன்னது அடைமொழி, பின்னது சாட்சியம். எஞ்சியவருக்கு வேண்டியது சாட்சியமே. தம்மோடு வாழ்ந்தவர் மெய்யாகவே வாழ்ந்தார் என்று, தம்மைத் தவிர இன்னொருவரும் அறிந்திருக்கிறார் என்ற ஆறுதல் அது.

ஆதலால் இம்மலர்களை அச்சிடும் பிள்ளைகளுக்கும், பா எழுதித் தரும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எழுதுமுன் ஒரு மாலைப்பொழுது அந்தப் பெரியவரிடமோ மூதாட்டியிடமோ சென்று அமருங்கள். நாற்பதாம் நாள் கழிந்து, வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் போன பின்னர்ச் செல்லுங்கள். காலையில் அவர் முதலில் என்ன செய்வார் என்று கேளுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். கிடைப்பதை எழுதுங்கள். யாப்பு சற்று வழுவினாலும் பாதகமில்லை.

நான் மறுமுறை சென்றபோது அப்பெரியவர் கொல்லையில் இருந்தார். கையில் தவிட்டுச் சட்டி. "நேரம் தப்பினா கத்துதுங்க" என்றார். சற்று நேரம் அவரோடு நின்றேன். அந்த மலரின் மறுபதிப்பு வருமாயின் அதற்கு ஒரு பக்கம் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.